பரீட்சை நேரத்தில் பையில் கிடந்த நட்டு

விமானப் பராமரிப்பு ஹேங்கரில் புதிதாகச் சேர்ந்திருப்பவர்களில் நாலைந்து பேர் ஆன்லைனில் டிகிரி படித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். அதில் இரண்டு பேர், வேலை போனால் என்ன செய்வது என்று ஊரில் ஒரு தொழிலுக்கும் அடி போட்டு வைத்திருக்கிறீர்களாம். ஒருவருக்குக் கோழிப்பண்ணை, இன்னொருவருக்கு சோலார் பேனல். நல்லது. விமானத் தொழிலுக்கு வந்துவிட்டு மாற்று வழி யோசிக்காதவனை நான் புத்திசாலி என்று சொல்ல மாட்டேன். என்னிடம் யோசனை கேட்டீர்கள். யோசனை சொல்லும் அளவுக்கு நான் பெரிய ஆள் இல்லை. ஆனால் டிகிரியையும் மாற்றுத் தொழிலையும் ஒரே காலைப்பொழுதில் கைநழுவ விட்ட அனுபவம் எனக்கு உண்டு. அதைச் சொல்கிறேன், எடுத்துக்கொள்வதை எடுத்துக்கொள்ளுங்கள்.

நான் பிறவியிலேயே பயந்தாங்கொள்ளி. பூட்டிய கதவை மூன்று தடவை இழுத்துப் பார்ப்பேன். பஸ் கிளம்பிய பிறகு கேஸ் அடுப்பை அணைத்தேனா என்று வியர்ப்பேன். எங்கள் வீட்டில் இதை வியாதி என்றார்கள். ஹேங்கருக்கு வந்த பிறகுதான் இதற்குச் சம்பளம் கொடுக்கும் இடமும் உலகத்தில் இருக்கிறது என்று தெரிந்தது. வேலை முடிந்து டூல் எண்ணும்போது ஒன்று குறைந்தாலும் சரி, கையில் ஒரு நட்டு மிச்சமானாலும் சரி, அது எங்கே போனது, எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் விமானம் நகராது. ஒருவன் செய்த வேலையை இன்னொருவன் தனியாகப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். உங்களுக்கு இதெல்லாம் பாடம். எனக்கு இது சுபாவம்.

இரண்டாயிரத்து எட்டில் நான் இருந்த சின்ன கம்பெனியில் இரண்டு விமானங்களும் தரையில் நின்றுவிட்டன. வாடகைக்கு எடுக்க ஆள் இல்லை. சம்பளமில்லாமல் ஊருக்குப் போங்கள், கூப்பிடும்போது வாருங்கள் என்றார்கள். எனக்கு அப்போது நாற்பத்தொன்று. கையில் வெறும் டிப்ளமா. தலைமைப் பொறியாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, மறுபடி ஆரம்பிக்கும்போது தரக் கட்டுப்பாட்டில் ஒரு இடம் இருக்கும், ஆனால் டிகிரி இல்லாதவனை அந்த நாற்காலியில் உட்கார வைக்க முடியாது என்றார். ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் விமானப் பராமரிப்பு நிர்வாகம் என்று ஆன்லைனில் நான் ஏற்கெனவே பாதி தூரம் படித்திருந்தேன். அடுத்த வருஷம் நடுவில் சான்றிதழைக் காட்டினால் இடம் எனக்கு. இல்லையென்றால் வரிசையில் வேறொருவர் நின்றுகொண்டிருந்தார்.

அப்படித்தான் சொந்த ஊரான கம்பத்துக்குத் திரும்பினேன். ஊருக்குள் ஒரு பேச்சு ஓடியது, நான் கம்ப்யூட்டரிலேயே பிளைட் ஓட்டப் படிக்கிறேன் என்று. டீக்கடையில் ஒரு பெரியவர் அக்கறையோடு கேட்டார், கரண்டு போனா பிளைட் கீழ விழுந்துராதா என்று. மின்வெட்டு தினமும் இரண்டு மூன்று மணி நேரம் இருந்த காலம் அது. பிரவுசிங் சென்டரில் பாதி பாடம் இறங்கும்போது திரை அணையும். பெரியவர் கேட்டதில் தப்பே இல்லை என்று தோன்றும்.

படிப்பை மட்டும் நம்பி உட்கார முடியாது. அரசனை நம்பிப் புருசனைக் கைவிட்ட கதையாகிவிடும். அதனால் எரிந்துபோன கம்பிச்சுருளை, அதாவது காயிலை, புதிதாகக் கட்டிக் கொடுக்கும் மோட்டார் ரீவைண்டிங் கடை ஒன்று போட்டேன். பள்ளத்தாக்கு முழுக்கத் திராட்சைப் பந்தல், தென்னை, வாழை. கிணற்றுக்குக் கிணறு மோட்டார். வேலைக்குப் பஞ்சமே இல்லை. பஞ்சம் வந்தது என் பழக்கத்தால். ஹேங்கரில் கற்றதை அப்படியே கடையில் கொண்டுவந்து வைத்தேன். சுவரில் பலகை அடித்து, ஒவ்வொரு ஸ்பேனருக்கும் அதன் உருவத்தைப் பெயின்டில் வரைந்து மாட்டினேன். ஒவ்வொரு மோட்டாருக்கும் ஒரு அட்டை. என்ன செய்தோம், யார் செய்தது, யார் சரிபார்த்தது, இரண்டு கையெழுத்து. சரிபார்க்க ஆள் வேண்டுமே? என் மனைவி செல்விக்குச் சொல்லிக் கொடுத்தேன். அவளுக்குக் காயில் கட்டத் தெரியாது. ஆனால் அட்டையில் உள்ள பதினாறு விஷயத்தையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்காமல் கையெழுத்துப் போட மாட்டாள். பக்கத்துக் கடைக்காரர் ஒரு நாளில் கொடுப்பதை நாங்கள் மூன்று நாளில் கொடுத்தோம். மோட்டாருக்கு ஜாதகம் எழுதுற கடை என்று எங்களுக்குப் பெயர் வைத்தார்கள்.

இருந்தாலும் சுருளிப்பட்டியிலிருந்து ஒருவர் விடாமல் எங்களிடமே வந்தார். தங்கராசு அண்ணன். மூன்று ஏக்கர் பந்தல். அவர் சொல்லித்தான் அந்தப் பக்கத்தில் ஏழெட்டுப் பேர் எங்களிடம் வர ஆரம்பித்தார்கள். அவர் முகம் சுளித்தால் கடை அவ்வளவுதான்.

இனி அந்த நாளுக்கு வருகிறேன். கடைசிப் பேப்பர். ஆன்லைன் பரீட்சை என்றால் வீட்டில் காலை நீட்டிக்கொண்டு எழுதுவது என்று நினைக்காதீர்கள். பல்கலைக்கழகம் ஏற்றுக்கொண்ட ஒருவர் எதிரே உட்கார வேண்டும். பாஸ்வேர்டு அவருக்குத்தான் வரும். நாம் யாரிடமும் பேசவில்லை, எழுந்து போகவில்லை என்று அவர் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். பேசியது தெரிந்தால் பரீட்சை செல்லாது. தேனி அல்லிநகரத்தில் ஒரு பள்ளிக்கூடத் தலைமையாசிரியை எனக்காக ஒத்துக்கொண்டார். ஐம்பது வயது தாண்டியவர், கண்டிப்பானவர். அவர் பள்ளியில் ஜெனரேட்டர் இருந்தது, அது எனக்குப் பெரிய விஷயம். சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் பரீட்சை. பல்கலைக்கழகம் கொடுத்திருந்த வாரத்தில் அதுதான் கடைசி நாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் தங்கராசு அண்ணன் வந்து நின்றார். காய் பருக்கும் நேரம், நாளைக்குத் தண்ணீர் பாயாவிட்டால் பந்தல் வாடிவிடும், மோட்டாரை நாளைக் காலையே மாட்டியாக வேண்டும் என்றார். மோட்டார் தயாராகத்தான் இருந்தது. சனிக்கிழமை விடிந்ததும் நான் மட்டும் போய்க் கிணற்றில் இறங்கி மாட்டினேன். ஓட்டிப் பார்க்க முடியவில்லை. மோட்டார் ஓடத் தேவையான த்ரீ பேஸ் கரண்டு பதினோரு மணிக்குத்தான் வரும். வந்ததும் நானே போட்டுக்கிறேன், நீங்க பரீட்சைக்குக் கெளம்புங்க தம்பி என்றார் அண்ணன். அட்டையில் என் கையெழுத்தைப் போட்டேன். செல்வியின் கட்டம் காலியாக இருந்தது. மாட்டுகிற வேலைதானே, எத்தனை தடவை செய்திருக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு தேனி பஸ்ஸைப் பிடித்தேன்.

பத்து மணிக்கு ஆரம்பித்தேன். முதல் கேள்வி என்ன என்பதைச் சொன்னால் கதை கட்டுகிறேன் என்பீர்கள், விட்டுவிடுகிறேன். பத்து இருபதுக்கு மூக்குக் கண்ணாடியைத் துடைக்கத் துணி எடுக்கச் சட்டைப் பைக்குள் கையை விட்டேன். விரலில் ஒரு நட்டு தட்டுப்பட்டது.

பித்தளை நட்டு. மோட்டாரில் எர்த் வயரை இறுக்குகிற அளவு. மேசையில் வைத்துப் பார்த்தேன்.

உங்களுக்குக் கிணற்று மோட்டார் பழக்கமிருக்காது, அதனால் சொல்கிறேன். அந்த மாதிரி மோட்டாரை ஓட்டுவதற்கு முன்னால் பம்பில் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஒருவர் கிணற்றுக்குள் இறங்கி, நனைந்த காலோடு, ஒரு கையைப் பம்பின் மேல் வைத்துக்கொண்டு ஊற்றுவார். மேலே மோட்டார் ரூமில் இன்னொருவர் ஸ்டார்ட்டரைப் போடுவார். மின்சாரம் எங்காவது கசிந்தால் எர்த் வயர் அதை மண்ணுக்குள் இழுத்துக்கொள்ளும். எர்த் வயர் கழன்று தொங்கினால், கை வைத்திருப்பவர் வழியாகத்தான் அது மண்ணுக்குப் போகும். இறங்கப்போவது தங்கராசு அண்ணன்.

பத்து இருபதிலிருந்து பத்து முப்பத்திரண்டு வரை. அந்தப் பன்னிரண்டு நிமிடத்தைச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் சுற்றி வந்தேன். மனதுக்குள் ஒரு வக்கீல் எழுந்து நின்றான். புதுக் காயில், கசியவே கசியாது என்றான். எர்த்தே இல்லாமல் ஊரில் பாதி மோட்டார் ஓடுகிறது என்றான், அதுவும் உண்மைதான். இந்த நட்டு வேறு எதிலிருந்தோ வந்திருக்கும் என்றான். நீ கேஸ் அடுப்பை நினைத்துப் பஸ்ஸை நிறுத்துகிறவன், உன் பயத்துக்கெல்லாம் மரியாதை கொடுத்தால் பிழைக்க முடியுமா என்றான். அதுதான் என்னை ரொம்ப நேரம் கட்டிப்போட்டது. காலையில் அந்த எர்த் நட்டை இறுக்கியதை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தேன். நூறு மோட்டாரில் இறுக்கியது ஞாபகம் வந்தது. அன்றைக்கு இறுக்கியது மட்டும் வரவில்லை.

எழுந்து நின்று தலைமையாசிரியையிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் முழுக்கக் கேட்டுவிட்டு, "நீங்க பேசுனா நான் தாள்ல எழுதணும் தம்பி. தெரியும்ல?" என்றார். தெரியும் என்றேன். நம்பரைச் சொல்லுங்கள், உங்கள் போனிலிருந்து நானே பேசுகிறேன் என்றும் ஒரு வழி சொன்னார். என் போனிலிருந்து வேறொரு குரல் வந்தால் எனக்கு என்னவோ ஆகிவிட்டது என்றுதான் செல்வி நினைப்பாள், அழுது முடிக்கவே கால் மணி நேரமாகும். அவரிடம் கொடுத்து வைத்திருந்த போனை நானே வாங்கிப் பேசினேன். முதலில் தங்கராசு அண்ணனுக்கு. மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவர் போனை மொபெட் பெட்டியில் வைத்துவிட்டுத் தோட்டத்துக்குள் போய்விடுவார். பிறகு செல்விக்கு. எர்த் நட்டு இருக்கிறதா என்று எனக்குச் சந்தேகம், நான் வந்து பார்க்கும்வரை மோட்டாரை யாரும் போடக்கூடாது என்றேன். அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள், கரண்டு எத்தன மணிக்கு என்று. பதினொன்று என்றேன். போனை வைத்துவிட்டாள்.

கம்பத்திலிருந்து சுருளிப்பட்டிக்கு அவளுடைய பழைய மொபெட்டில் எப்படியும் இருபத்தைந்து நிமிடமாகும். நான் வக்கீலோடு வாதாடிய பன்னிரண்டு நிமிடம் எவ்வளவு பெரியது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

பேசியாயிற்று, இனி எழுதுங்கள், போன் என்னிடமே இருக்கட்டும் என்றார் தலைமையாசிரியை. பன்னிரண்டரை வரை எழுதினேன். சுவர்க் கடிகாரம் பதினொன்றைத் தொட்டபோது என்னால் பத்து நிமிடம் ஒரு எழுத்தும் தட்ட முடியவில்லை. முடிந்ததும் அவர் பல்கலைக்கழகத்துக்கு அனுப்ப வேண்டிய படிவத்தை எடுத்து, மாணவர் வெளியில் யாரிடமாவது பேசினாரா என்ற கேள்விக்கு நேரே ஆம் என்று குறித்து, நேரத்தையும் காரணத்தையும் எழுதினார். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எனக்கு வருத்தம்கூட வரவில்லை. போன்தான் வேண்டியிருந்தது. இங்கே ஸ்கேனர் இல்லை, சாயங்காலம் வெளியில் ஸ்கேன் பண்ணி அனுப்புகிறேன் என்றார். வெளியே வந்து செல்விக்கு அடித்தேன். யாரும் மோட்டாரைப் போடவில்லை என்றாள். பள்ளிக்கூடத்து வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

நான் சுருளிப்பட்டி போய்ச் சேர நாலு மணி. நடந்ததைத் தங்கராசு அண்ணன்தான் கோபமாகச் சொன்னார். பதினொன்றுக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது செல்வி வந்திருக்கிறாள். அவர் வாளியோடு கிணற்றுப் படியில் பாதி இறங்கியிருந்தார். நிற்கச் சொல்லியிருக்கிறாள், அவர் நிற்கவில்லை. உடனே மோட்டார் ரூமுக்குள் போய், ஸ்டார்ட்டர் பக்கம் நின்ற அவர் மகனைத் தள்ளி நிற்கச் சொல்லி, கரண்டு மோட்டாருக்குப் போகாதபடி பீஸ் கட்டை மூன்றையும் உருவித் தன் பைக்குள் போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்துவிட்டாள். கரண்டு வந்தது, மூன்று மணிக்குப் போயும் விட்டது. அண்ணன் கெஞ்சியிருக்கிறார், அதட்டியிருக்கிறார். அவள் எழுந்திருக்கவில்லை.

"ஒத்த நட்டுக்காக என் பந்தல வாடப் போட்டீகளேப்பா," என்றார் அண்ணன். "ஒம் பொண்டாட்டி மனுசியா போலீசா?"

நான் கிணற்றில் இறங்கினேன். மோட்டாரில் வயர்களை மூடியிருக்கும் மூடியின் ஸ்க்ரூவைக் கழற்றினேன். திறந்தேன். எர்த் வயர் இருந்தது. வாஷர் இருந்தது. நட்டு இருந்தது. ஸ்பேனர் போட்டுப் பார்த்தேன், கால் சுற்றுகூட நகரவில்லை. அவ்வளவு நன்றாக இறுக்கியிருக்கிறேன். பையில் கிடந்த நட்டு, முந்தின நாள் கடையில் ஒரு ஸ்டார்ட்டரைப் பிரித்தபோது எடுத்து இதே சட்டைப் பையில் போட்டது. கிணற்றுக்குள் நிற்கும்போதுதான் அது ஞாபகம் வந்தது.

அப்படியானால் அத்தனையும் வீண்தானே என்று கேட்பீர்கள். எல்லா பேட்ச்சிலும் யாராவது கேட்கிறார்கள். வீண் இல்லை. பத்து முப்பத்திரண்டுக்கு எனக்குத் தெரிந்தது ஒரு நட்டு மட்டும்தான். மூடிக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாது. தெரியாத நேரத்தில் எடுத்த முடிவைத் தெரிந்த பிறகு வந்து எடை போடாதீர்கள். அன்றைக்கு நான் போன் பண்ணியதற்காக இன்றுவரை ஒரு நிமிடம்கூட வருத்தப்பட்டதில்லை. பன்னிரண்டு நிமிடம் தாமதித்ததற்குத்தான் வருத்தம். இதைச் சொல்லும்போது நான் நல்லவன் மாதிரி தெரிகிறேன் இல்லையா? அடுத்ததையும் கேளுங்கள்.

கிணற்றிலிருந்து மேலே ஏறியதும் பயம் சுத்தமாகப் போய்விட்டது. பயம் போன இடத்தில் ஆத்திரம் வந்து உட்கார்ந்தது. நட்டு அங்கேயே இருந்திருக்கிறது. ஒரு தப்பும் நடக்கவில்லை. பிறகு எதற்கு நான் டிகிரியை இழக்க வேண்டும்? மணி நாலு பத்து. படிவம் இன்னும் போயிருக்காது. தென்னை மரத்தடியில் நின்று தலைமையாசிரியைக்குப் போன் பண்ணினேன். நட்டு இருந்துச்சு டீச்சர், வெட்டிச் சந்தேகம்தான், அதனால அந்த 'ஆம்'ங்கறத மட்டும் 'இல்லை'ன்னு மாத்திர முடியுமா என்று கேட்டேன். நாற்பத்திரண்டு வயதில், இருபது வருஷம் அடுத்தவன் கையெழுத்தை நம்பி விமானத்துக்கு அடியில் படுத்தவன், இப்படிக் கேட்டேன்.

அவர் கோபப்படவே இல்லை. "நட்டு இருந்துச்சா இல்லையான்னு அந்தத் தாள்ல கேக்கல தம்பி," என்றார். "பேசுனீகளான்னுதான் கேட்டிருக்கு." பிறகு, அண்ணனுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று விசாரித்துவிட்டு வைத்துவிட்டார்.

தங்கச்சிகளா, தம்பிகளா, பயத்தைப் பற்றி உங்களுக்கு நிறையப் பேர் வகுப்பு எடுப்பார்கள். பயந்துகொண்டிருக்கும்வரை நான் யோக்கியனாகத்தான் இருந்தேன். ஆபத்து இல்லை என்று தெரிந்த பத்தாவது நிமிடத்தில் பேரம் பேச ஆரம்பித்தேன். ஒன்றும் ஆகவில்லையே, இந்த ஒரு கட்டத்தை மட்டும் மாற்றினால் என்ன என்று உங்களுக்கும் ஒருநாள் தோன்றும். எல்லாம் நல்லபடியாக முடிந்த நாளில்தான் தோன்றும். அந்த நேரத்தில் பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஒரு டீ குடிக்கப் போங்கள்.

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் செல்வி பின்னால் நிற்கிறாள். மரத்துக்கு அந்தப் பக்கம் மொபெட்டைத் திருப்பிக்கொண்டு நின்றிருக்கிறாள். நான் பேசியது முழுக்கக் காதில் விழுந்திருக்கிறது. பீஸ் கட்டை மூன்றையும் தங்கராசு அண்ணன் மகனிடம் எண்ணிக் கொடுத்தாள். கிணற்றுக்குள் இறங்கிப் பதினாறு விஷயத்தையும் தொட்டுப் பார்த்துவிட்டு அட்டையில் கையெழுத்துப் போட்டாள். அண்ணன் எங்கள் முகத்தைப் பார்க்காமல் வரப்பில் நடந்து போனார். மறுநாள் தண்ணீர் பாய்ந்தது, பந்தலும் தப்பித்தது. ஆனால் அதற்கப்புறம் அவர் எங்கள் கடைக்கு வரவில்லை, அவர் சொல்லி வந்தவர்களும் வரவில்லை. ஆறு மாதத்தில் கடையை மூடினோம். பல்கலைக்கழகம் அந்தப் பரீட்சை செல்லாது என்று மூன்று வரியில் மெயில் போட்டது. தரக் கட்டுப்பாட்டு நாற்காலியில் வரிசையில் நின்றவர் உட்கார்ந்தார்.

அதெல்லாம் பிறகு. அன்று சாயங்காலம் மொபெட்டின் பின்னால் நான் உட்கார்ந்திருக்கிறேன், அவள் ஓட்டுகிறாள். என்ன கேட்கப்போகிறாளோ என்று எனக்குப் பயம். அவள் நாலு மணி நேரம் வெயிலில் உட்கார்ந்து ஊரிடம் ஏச்சு வாங்கிய அதே வேலையைத்தானே நான் ஒரு போனில் அழிக்கப் பார்த்தேன். கம்பம் எல்லையில் ஒரு மாட்டு வண்டிக்கு வழிவிட்டு நிறுத்தினாள். திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்.

"அடுத்த பரீட்சையவும் அந்தம்மா முன்னால உக்காந்துதான் நீங்க எழுதணும்."

வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் நான் அதுவரை நினைத்துக்கொண்டு வந்தேன். சரி என்றேன். ஏழு மாதம் கழித்து அல்லிநகரம் போய், அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியாமல் வாசலில் நின்றேன். உள்ளே வாங்க தம்பி, மணியாச்சு என்றார்.